வெடிக்காத இரண்டு தோட்டாக்கள்

இரண்டு தோட்டாக்களும் என் சட்டைப் பையில் கிடந்தன. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு எடுத்துப் பார்ப்பேன். திரும்பப் போடுவேன். மறுபடி எடுப்பேன். உள்ளே மச்சானுக்குத் தொடையில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். வடமதுரைக்குக் கிழக்கே, கரட்டுக் குன்றை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். அந்த வருஷம் கடலை போட்டிருந்தார். மழை தப்பாமல் பெய்தது. மார்கழியில் காய் திரண்டு நின்றபோது பன்றி இறங்கியது. ஒற்றைப் பன்றி, ஆண். விடிகிற நேரம் வந்து, மூக்காலேயே சால் சாலாக உழுதுவிட்டுப் போய்விடும். அந்தக் கடலை போனால் மச்சானுக்கு அந்த வருஷத்தில் வேறு வெள்ளாமை இல்லை.

துப்பாக்கி என்னுடையது. சிறுமலைத் தோட்டத்தில் நான் வேலை பார்த்த துரை, ஊருக்குக் கப்பல் ஏறும் முன் எனக்கு விற்றுவிட்டுப் போனது. பயிர்க் காவலுக்கென்று மதுரைக்கு அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் பக்கம் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்தான் பார்த்திருப்பார்கள். இது வேறு மாதிரி. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். சுட்ட தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல இருக்கிறதென்று ஊரில் பம்புத் துப்பாக்கி என்று பேர் வைத்தார்கள்.

அன்றைக்கு மச்சான் புதரைத் தட்டி விரட்டினார். நான் வரப்பில் நின்றேன். பன்றி நேராக என்னிடம்தான் வந்தது. விசையை இழுத்தேன். டக். வெடிக்கவில்லை. இழுத்துத் தள்ளி மறுபடி இழுத்தேன். டக். பன்றி என்னைக் கண்டதும் திரும்பிவிட்டது. திரும்பிய வழியில் மச்சான் நின்றார்.

தையல் போட்டு முடித்ததும் உள்ளே விட்டார்கள். முகம் வெளுத்துக் கிடந்தார். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன மாப்ள, பன்னிக்குத் தாளம் போட்டியாக்கும்? டக்கு டக்குன்னு கேட்டுச்சு."

தோட்டாக்களைப் பைக்குள் தள்ளினேன்.

"கடலை?"

"நான் பாத்துக்கிறேன்."

"எத வச்சு?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டிலும் அதே பேச்சுத்தான். சோற்றை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "எங்கண்ணன் ஒத்தக் கால்ல நிக்கணும். நீங்க அந்த இரும்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க."

அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஐப்பசியில் சுட்ட வெறும் தோட்டாக்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றின் பின்புறம், நடுவிலிருக்கும் பொறி மருந்துக் கேப்பில், விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி அடித்த குழி ஆழமாக இருந்தது. அந்த இரண்டிலும் பேன் கடித்த மாதிரி ஒரு புள்ளிதான். ஊசி போய்த் தொட்டிருக்கிறது, அடிக்கவில்லை.

முதலில் ஈரம் என்று நினைத்தேன். காகிதத் தோட்டா, பனியில் ஊறியிருக்கும். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, உச்சி வெயிலில் அந்த இரண்டில் ஒன்றைப் போட்டு வரப்பு மண்ணில் சுட்டேன். வெடித்தது. மனசு லேசானது. மறுநாள் விடியலில் தனியாகப் போனேன். பன்றி வரவில்லை. வராவிட்டாலும் பார்த்துவிடுவோம் என்று காய்ந்த தோட்டா ஒன்றைப் போட்டு விசையை இழுத்தேன். டக்.

ஈரம் இல்லை. அப்படியானால் ஊசியைத் தள்ளுகிற ஸ்பிரிங். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். ஸ்பிரிங் என்றால் எனக்குத் தெரிந்தது பூட்டுப் பட்டறைதான். அங்கே ஒரு பாய் பழக்கம். சாக்கைப் பிரித்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யா அல்லா, நான் பூட்டு செய்யிறவன் அண்ணே. என் சரக்கு ஒழுங்கா இருந்தா வீட்டுல ஒன்னும் நடக்காது. உம்ம சரக்கு ஒழுங்கா இருந்தா ஒரு ஆள் காலி."

"பன்னிதான் பாய்."

"பன்னியா? அப்ப இன்னும் தள்ளி வையும்."

சிரித்துக்கொண்டேதான் கழற்றினார். பழைய ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்து, சோர்ந்துவிட்டது என்றார். புதிதாக ஒன்று சுற்றிப் போட்டார். பிறகு ஒல்லியான மூங்கில் குச்சி ஒன்றைக் குழலுக்குள் இறக்கினார். குச்சியின் நுனி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குழலை மேலே பார்க்கப் பிடித்து விசையை இழுத்தார். ஊசி உள்ளே அடித்த அடியில் குச்சி ஒரு சாண் எகிறியது.

"பாத்தீரா? இனி அது எகிறும். நீர்தான் புடிச்சுக்கணும்."

குச்சியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. கோழி கூவும் முன்பே காட்டில் நின்றேன். வானம் வெளுத்ததும் தோட்டாவைப் போட்டேன். இழுத்தேன். டக்.

தோட்டாவை எடுத்துவிட்டுக் குச்சியை இறக்கினேன். விசையை இழுத்தால் குச்சி அசைந்ததோடு சரி. அதே குச்சி. அதே புது ஸ்பிரிங். வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். வெயில் ஏறியது. குச்சி ஒரு விரல் எழும்பியது. அப்புறம் இரண்டு விரல். கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு ஒரு சாண் எகிறியது. நான் ஒன்றுமே செய்யவில்லை. பட்டறையில் நாங்கள் பார்த்ததும் மத்தியானத்தில்தான், உலைக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்தேன். முற்றத்து வெயிலில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத என்னத்துக்கு இங்க வச்சிருக்க?"

"தலைக்கு வைக்கத்தான். கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு. மார்கழியில தேங்காயெண்ணெ பின்ன எப்படிக் கெடக்கும்?"

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரம் மட்டும் உருகியிருந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி.

நிழலில் சாக்கை விரித்து, துப்பாக்கியை இதுவரை யாரும் கழற்றாத இடம் வரை கழற்றினேன். ஊசி ஓடுகிற துளைக்குள் துடைப்ப ஈர்க்கு ஒன்றை விட்டு எடுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. இடையிடையே மஞ்சளாகத் துகள். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.



ஆயுத பூஜைக்குக் கலப்பை, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். துப்பாக்கிக்கு வைப்பது மச்சான். அதை வேறு யாரும் தொடக் கூடாது. மறுநாள் சந்தனத்தைத் துடைத்துவிட்டு எண்ணெய் போடுவதும் அவர்தான். துரை கொடுத்த எண்ணெய் டப்பா எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயை வீட்டிலிருந்தே கொண்டுவருவார். "கடை எண்ணெ இல்ல மாப்ள, கலப்படமில்லாத சரக்கு" என்று சொல்லிக்கொண்டே வழிய வழிய ஊற்றுவார். பிள்ளைக்குத் தலை தேய்க்கிற மாதிரி. ஐப்பசி வரை அது எண்ணெயாக இருந்தது. துப்பாக்கியும் வெடித்தது. இதற்கு முன் மார்கழியில் சுட வேலை வந்ததில்லை. குளிர் வந்ததும் உறைந்து ஊசியைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றாள்.

"எண்ணெதானா?"

"ம்."

விரித்த தலையை அள்ளி முடிந்தாள். அவள் அண்ணன் எண்ணெய் ஊற்றும்போது கிண்ணம் பிடிக்கிறவள் அவள்தான்.

"அண்ணங்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"தெரியல."

"காலு ஆறட்டும்" என்றாள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எல்லாவற்றையும் கழுவினேன். பழந்துணியால் துடைத்துக் காயவைத்துப் பூட்டினேன். விடியலில் குச்சியை இறக்கிப் பார்த்தேன். ஒரு சாண். நிம்மதி வரவில்லை. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பது உள்ளே கிடந்து குடைந்தது.

தை பிறந்து மச்சான் ஊன்றுகோலோடு வீடு வந்தார். பன்றி இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. நான் தகரத்தைத் தட்டித் தட்டிப் பாதிக் காட்டைக் காப்பாற்றியிருந்தேன். அதைச் சுட வேண்டுமென்றால் ஒருவர் விரட்ட வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் விரட்ட ஊரில் யாரும் தயாராக இல்லை. மச்சானே ஒரு விடியலில் காட்டுக்கு வந்து நின்றார். பனி கொட்டியது.

"சரியாயிருச்சுங்கிற?"

"ஆயிருச்சு."

"அன்னிக்கு வெடிக்காதது இன்னும் ஒன்னு வச்சிருக்கியாமே? அதையே போடு."

பையிலிருந்து எடுத்துப் போட்டேன். வரப்பைப் பார்த்துச் சுட்டேன். கரட்டில் மோதித் திரும்பியது சத்தம்.

"இன்னொன்னு."

சுட்டேன்.

"இன்னொன்னு."

கையிலிருந்த தோட்டா பாதிக்குமேல் போய்விட்டது. அவர் போதும் என்கிற வரை சுட்டேன். கடைசியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்புறம் என்னதான் கோளாறு?"

நான் குழலைத் துடைத்தேன்.

"ஸ்பிரிங்கு" என்றேன்.

அந்தப் பன்றி பிறகு வரவேயில்லை. அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கரட்டைத் தாண்டிப் போயிருக்கும். இருந்த கடலையைப் பிடுங்கினோம். விதைக்கும் ஆயிற்று, சாப்பாட்டுக்கும் ஆயிற்று.

மச்சான் ஊர் முழுக்கப் பாயின் புகழைப் பாடினார். யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும், "திண்டுக்கல் பாய்கிட்டக் கொண்டு போங்கய்யா. துப்பாக்கியையே சரி பண்ணுன கை" என்பார். இறவை மோட்டாரைக் கூட ஒருவர் தூக்கிக்கொண்டு போய்த் திட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சொன்னால் அவர் காலை அவரே கிழித்துக்கொண்டதாக ஆகும். சொல்லாவிட்டால் அடுத்த மார்கழி இருக்கிறது. வருஷம் முழுக்க இப்படியே போனது.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலை மச்சான் கிண்ணத்தோடு வந்தார். நடையில் ஒரு இழுப்பு தங்கிவிட்டிருந்தது. துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்து, சந்தனத்தைத் துடைத்தார். கிண்ணத்தைச் சரித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எண்ணெ வேணாம் மச்சான்."

"ஏன், போன வருசம்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"உறைஞ்சிருச்சா?"

"ம்."

நீளமாக மூச்சு விட்டார்.

"அப்ப அந்தப் பாயி?"

"ஸ்பிரிங்கு மாத்துனாரு."

"அடப்பாவி. இம்புட்டு நாளும் அவருக்குல்ல பேரு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தினார். வேட்டியைத் தொடை வரை ஏற்றிவிட்டார். தழும்பு கரணை கரணையாக இருந்தது. கிண்ணத்திலிருந்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார்.

"இதுக்காவது ஆகுமா மாப்ள?"

"ஆகும் மச்சான்."

தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக் குழலைத் துடைத்தேன்.