ராணி அக்காவின் நீல டிரம்

செம்பூர் வீட்டுக் குழாயில் இன்று பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. உடனே தாராவியில் இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் சந்தும், அதன் ஒற்றைக் குழாயும், விடியுமுன் அதன் முன்னால் நாங்கள் வரிசை போட்டு வைக்கும் குடங்களும் டிரம்களும், அவை சிமெண்டுத் தரையில் உரசும் சத்தமும், தண்ணீர் வருமுன் குழாய் சீறித் துப்பும் காற்றும் எல்லாம் வந்துவிட்டன. ராணி அக்காவின் எண்ணெய் டின்னும் வந்தது. புருஷன் விட்டுப்போனவள் முகத்தில் காலையில் முழிக்கக் கூடாதென்று அந்த டின்னைத் தினமும் கடைசிக்குத் தள்ளுவோம். அது நிறையுமுன் தண்ணீர் நின்றுவிடும்.

பழைய சந்துக்காரர்களுக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அக்கா இறந்த செய்தி வந்ததும் பக்கத்து வீட்டு முத்து அண்ணன் குரல் பதிவு போட்டார்: "பாவம், ராணிக்குல்லா நாம மொதத் தண்ணி குடுப்போம்."

"ஆமாண்ணே, நீல டிரம்" என்றாள் ஒருத்தி. மூடியில் கயிறு கட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் குழுவில் எல்லோருக்கும் அந்த டிரம் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரம் வாங்க அவளிடம் ஏது காசு? "டின்னைத் தள்ளினது நாமதானே?" என்று எழுதினேன்.

"அப்ப ஒனக்கு என்ன வயசு? சும்மா கெட" என்றார் அண்ணன்.

ஆத்திரம் அடங்காமல் இன்று தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "எல்லாரும் பொய் சொல்லுதாவ! அக்காவோட நீல டிரம்ம நீயும் நானும் எத்தன தடவ காலால தள்ளிருக்கோம்?"

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலும் ‘நீல டிரம்’ வந்தது உறைத்தது. அந்த டின்னை என்னிடமிருந்தும் தள்ளிவிட்டிருந்தார்கள்.