பென்சில் எழுத்தை வெட்டச் சொன்னேன்

என் மகள் மலருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஓவியம் என்றால் உயிர். நான் எப்போதும் முணுமுணுக்கும் பழைய சினிமாப் பாட்டு எது என்று என் மனைவியிடம் கேட்டறிந்து, என் பிறந்தநாளுக்கு ஓர் ஓவிய அச்சுப்படம் வரவழைத்துக் கொடுத்தாள். அந்தப் பாட்டை ஓர் ஓவியர் மழையும் ஓடமுமாக வரைந்து, ஐம்பதே பிரதிகள் அச்சிட்டிருந்தாராம்.

காரைக்காலில் ஒரு கடையில் அதை ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டு நெரவியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன். கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, கீழ ஓரத்துல பென்சில்ல ஏதோ கிறுக்கியிருக்கு. வெட்டிடவா?"

"அசிங்கமா இருந்தா வெட்டிடுங்க" என்றேன்.

மலரிடம் இதைச் சைகையில் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அது கிறுக்கல் இல்லை, ஐம்பதில் இது எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் ஓவியரின் கையெழுத்தும் என்று எழுதிக் காட்டினாள். கடைக்காரர் போனை எடுக்கவில்லை. இருவரும் ஸ்கூட்டரில் பறந்தோம். அவர் ஸ்கேலை வைத்து பிளேடை எடுத்திருந்தார்.

"வெட்டாதீங்க!" என்று வாசலிலேயே கத்தினேன்.

"நல்லவேளைண்ணே, இவ்வளவு நேரம் கரண்ட் இல்ல. இப்பதான் வேலையில உக்காந்தேன்" என்றார்.

மலரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தபடி சைகையில் சொன்னாள்: "நீங்க பாடுறப்ப உங்க முகம் ரொம்ப நல்லாருக்கும்பா. ஆனா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு பாடுவீங்க. அதான், பாட்டையாவது பாக்கலாம்னு வாங்குனேன்."

இப்போதெல்லாம் பாட்டு வாயில் வந்தால், மலர் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் போய், அவள் எதிரில் நின்றுதான் பாடுகிறேன்.