ஏழாம் அறையின் கதவு

இது கதை இல்லை. 1976 பிப்ரவரி 19, வியாழக்கிழமை. பகல் 12.20க்கும் 1.05க்கும் நடுவில் என் இரண்டு காதாலும் கேட்டது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது. 'சும்மா அளக்கிறான்' என்று நினைக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நான் ரோச். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரன். நீர்மூழ்கிக் கப்பலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். கப்பலின் பேரைச் சொல்ல மாட்டேன். அது கெட்ட கப்பல். வெளிநாட்டில் கட்டும்போதே அதன் கடைசி அறையில், அதாவது ஏழாம் அறையில், ஒருவன் கதவுக்குப் பின்னால் மாட்டிச் செத்தானாம். பழைய ஆட்கள் யாரும் அங்கே தனியாகப் படுக்க மாட்டார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மடையன்!

அந்த வாரம் தூத்துக்குடிக்கு வெளியே இரண்டு நாள் நங்கூரம் போட்டு நின்றோம். கப்பலில் எங்கள் பக்கத்துக்காரன் இன்னொருவன் உண்டு. எபனேசர், நாசரேத்துப் பையன், மோட்டார் மெக்கானிக். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். அவன் அம்மா ஜெயபாய் ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்தோடு துறைமுகத்துக்கே வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்களத்தான் நம்பியிருக்கேன். புள்ளய பத்திரமா கொண்டாந்து சேத்துருங்க."

"நா இருக்கேம்மா" என்றேன். பெரிய மனுசன் மாதிரி.

வியாழக்கிழமை மணப்பாட்டுக்குக் கிழக்கே முங்கினோம். 12.05க்குக் கடல் தரையில் கப்பல் உட்கார்ந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். ஒரு சத்தம் இல்லை. மேலே உச்சி வெயில். உள்ளே எங்களுக்கு எப்போதும் ராத்திரிதான்.

12.20. ஏழாம் அறையில் புகை. கரண்ட் வயர் எரியும் நாற்றம். உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டே ஓடி வந்தார்கள். இரும்புக் கதவைச் சாத்திப் பிடியை இறுக்கினோம். எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது. அந்த நேரத்து டூட்டி எபனேசருடையது.

நீர்மூழ்கியில் ஒரு சட்டம் உண்டு. சாத்திய கதவை உத்தரவு வராமல் திறக்கக் கூடாது. உள்ளே நிற்பது பெற்ற அப்பனே ஆனாலும் சரி. எல்லோரையும் முன் அறைகளுக்கு அனுப்பி, ஆறாம் அறையின் முன்கதவையும் சாத்தினார்கள். ஆறாம் அறையில், மூச்சுக்காற்று முகமூடியோடு, என்னை மட்டும் ஏழாம் அறைக் கதவுக்குக் காவல் நிறுத்தினார்கள்.

12.41. டக்.

கதவில்தான். என் முழங்கால் உயரத்தில். பாய்ந்து போனை எடுத்தேன்.

"சார், உயிரோட இருக்கான்! தட்டுதான் சார்!"

"திறக்காதே. புகை அடங்கட்டும்."

கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்தது.

12.47. டக்... டக்... இப்போது என் முகத்துக்கு நேரே. கதவு கொதித்தது, கை வைக்க முடியவில்லை. தட்டிய இடம் மட்டும் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது.

பிறகு குரல்.

"ஏலே ரோச்சு..."

இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. எபனேசர் என்னை 'அண்ணே' என்பான். ஒருநாளும் 'ஏலே' என்றதில்லை. பாவி எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"தொறலே... சாவுதேம்லே..."

12.58. தட்டல் இடியாக மாறியது. பத்து ஆள் சேர்ந்து மோதுவது போலக் கதவு அதிர்ந்தது.

எங்கள் தெருவில் சங்கு குளிக்கிறவனுக்கு அவன் மச்சான்தான் கயிறு பிடிப்பான். கூடப்பிறந்தவளின் தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! நானும் பதினாறு வயதில் அக்காள் புருசனுக்குப் பிடித்திருக்கிறேன். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் யாரையும் கேட்கக் கூடாது. உடனே இழுக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றவன் கொலைகாரன்.

1.02. பிடியைத் திருகினேன்.

கறுப்புப் புகை என் மேல் வந்து விழுந்தது.

"எபனேசர்! கையக் குடுலே!"

கையை நீட்டித் துழாவினேன்... ஆள் இல்லை.

டார்ச் அடித்தேன். மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். அறை காலி.

ஏதோ ஒன்று என் தோளை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே போனது.

பின்னால்... இருமல்.

நான் நின்ற அறையில். கீழ்ப் படுக்கையில். திரைக்கு உள்ளே.

எபனேசர்.

மாதாவே! பன்னிரண்டு மணிக்கே காய்ச்சல் என்று மாத்திரை போட்டு, யாரிடமும் சொல்லாமல் அங்கே வந்து போர்த்திப் படுத்திருக்கிறான். இத்தனை இடியிலும் முழிக்கவில்லை. புகை நெஞ்சில் ஏறிய பிறகுதான் முழித்தான். என் முகமூடியைக் கழற்றி அவன் முகத்தில் அமுக்கினேன்.

"அண்ணே..."

1.05. அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கும் நினைவில்லை.

நான் மட்டும் பிழைத்தேன். பிழைத்து என்ன? ஜெயபாய் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? நாசரேத் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நான் இன்றுவரை ஏறியதில்லை.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பஞ்சாபிக்காரர். என்னைப் போலவே தீப்புகை ஏறிக் கெட்டுப்போன நெஞ்சு. 1972இல் அதே கப்பல். அதே கதவில் காவல் நின்றவர்.

எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"உங்களையும் கூப்பிட்டதா?"

"ம். வீட்டில் கூப்பிடும் செல்லப் பேரைச் சொல்லி. எங்கள் கிராமத்துப் பேச்சில்."

"திறந்தீர்களா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"உள்ளே ஒருத்தரும் இல்லை. என் கூட்டாளி எனக்குப் பின்னால் படுத்திருந்தான்."