ஐஸ் கேரம்

நானும் என் மனைவியும் கனடாவுக்குப் போனது ஒரே ஒருமுறைதான். காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். மகன் அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "குளிர்காலத்துல மட்டும் வராதீங்கப்பா, தாங்காது" என்றான். பனியைப் பார்க்கத்தானே போகிறோம் என்று இவள் பிடிவாதமாக நின்றாள். ஜனவரியில் போய் இறங்கினோம்.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். மூன்றாவது சனிக்கிழமை, நல்ல வெயில் அடித்தது. சூடில்லாத வெயில். மகன் எங்களைப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். சேலைக்கு மேல் அவனுடைய பழைய கோட்டு, காலில் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி என்று இவள் நடந்து வந்ததைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"என்னங்க, அங்குட்டுப் பாருங்க. என்னமோ ஆடுறாக" என்றாள்.

எட்டு மூலை வைத்து மரக்கட்டையால் வரம்பு கட்டி, உள்ளே தண்ணீர் விட்டு உறையவைத்திருந்தார்கள். நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி வட்டமாகச் சில முளைகள். சின்னக் குக்கர் அளவுள்ள கைப்பிடி வைத்த கல்லை ஓரத்திலிருந்து தள்ளிவிட வேண்டும். குழியில் போய் விழுந்தால் இருபது புள்ளி. வெளியே வர வரப் புள்ளி குறையும். எதிராளியின் கல் உள்ளே நின்றால் முதலில் அதை அடிக்க வேண்டும்.

"நம்ம கேரம் போர்டுதான். ஐஸுல போட்டு வச்சிருக்காக" என்றாள் இவள். அதன் பிறகு எங்களுக்கு அது ஐஸ் கேரம் ஆகிவிட்டது.

ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஓர் அம்மாள், மகன் குடியிருந்த தெருவிலேயே இருப்பவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு கல் கொடுத்தார். நான் தள்ளிய கல் குழியைத் தாண்டி எதிர்ப்பக்க வரம்பில் போய் மோதியது. இரண்டாவது பாதிவழியிலேயே நின்றுவிட்டது. இவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பிக் கல்லை விட்டாள். அது அவசரமே இல்லாமல் போய், ஒரு முளையை உரசித் திரும்பி, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த அம்மாள் கைதட்டிவிட்டார்.

"எப்படிம்மா?" என்று மகன் கேட்டான்.

"பள்ளிக்கூடத்துல வளையப்பந்து ஆடுனவதானடா நான். சாக்கோட்டை யூனியன்லயே மொதப் பரிசு."

முப்பத்தோரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். நான் கேட்டதில்லை என்பதும் உண்மைதான்.

அதிலிருந்து பெரும்பாலும் தினமும் மதியம் பூங்காவுக்குப் போனோம். இவளுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. அந்த அம்மாளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. கையைக் காட்டியும் தலையை ஆட்டியும் இருவரும் பேசிக்கொண்டார்கள். எந்தக் கல்லை அடிப்பது, எதை விட்டுவிடுவது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நானும் ஒருமாதிரி கற்றுக்கொண்டேன், ஆனால் எனக்குக் கை எப்போதும் வேகம்தான். ஃபைலைத் தள்ளுகிற மாதிரியே தள்ளுகிறேன் என்று இவள் கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மகனும் ஒரு பக்கம், இவளும் அந்த அம்மாளும் எதிர்ப்பக்கம். கடைசிக் கல் என்னுடையது. குழி ஓரத்தில் இவளுடைய கல் நின்றது. சுற்றி மகனின் நண்பர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மெல்ல விடுங்க. வேகமா விட்டீகன்னா தாண்டிப் போயிரும்" என்றாள்.

எதிராளிக்கு யோசனை சொல்கிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அது எனக்கு அவமானமாகப் பட்டது. வேண்டுமென்றே பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். கல் தாண்டிப் போனது. நான் வழுக்கி, பனிக்கட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எழுந்து நின்றேன். மற்றவர்களுக்குத்தான் தமிழ் தெரியாதே என்ற தைரியத்தில் சொன்னேன். "சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஊர் பாக்க ஆடிக்கிட்டிருக்க. இந்த வயசுல வெட்கமா இல்ல உனக்கு?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். இவள் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, கையுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். "வீட்டுக்குப் போவோமா?" என்று மகனைத்தான் கேட்டாள்.

மறுநாள் மதியம் கிளம்புகிற நேரத்தில், "நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் கை வலிக்குது" என்றாள். அடுத்த நாளும் அதேதான். நானும் போகவில்லை.

வியாழக்கிழமை அந்த அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். மகன் வேலைக்குப் போயிருந்தான். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை பூங்காவில் ஜோடி ஜோடியாகப் போட்டி நடக்கிறது. உங்கள் மனைவியைத்தான் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ள ஆசை, அவரைப் போல இங்கே யாருக்கும் கை நிதானம் இல்லை என்றார். எனக்குப் பின்னால் இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இதில் விருப்பமில்லை என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. இவளைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொல்லிட்டுப் போறாக?"

"சும்மா, பாத்துட்டுப் போக வந்தாக" என்றேன்.

மார்ச்சில் பனி உருக ஆரம்பித்தபோது ஊர் திரும்பினோம். அடுத்த வருடம் போகலாம், அதற்கடுத்த வருடம் போகலாம் என்று இருந்தோம். அப்போது எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஆனால் என் மாமியார் படுக்கையில் விழுந்தார், அவரை விட்டு இவளால் நகர முடியவில்லை. அதற்குள் மகனுக்கு அமெரிக்காவில் தெற்குப் பக்கம் வேலை மாறிவிட்டது. நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்துகிற இடமாம்.

போன மாதம் இவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து, டவுன் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குப் பூங்காதான் கண்ணுக்குள் நின்றது. ஏழு வருடம் மனசில் வைத்திருந்ததை அங்கே வைத்துச் சொல்லிவிட்டேன். போட்டி நடந்ததையும், அவளைக் கூப்பிட வந்ததையும், நான் சொன்ன பொய்யையும்.

அவள் ஜூஸை ஒரு மடக்குக் குடித்தாள்.

"சாட்டர்டேன்னும் பார்ட்னர்னும் அவுக சொன்னது எனக்கு வெளங்காதா? நீங்க என்ன சொல்லப் போறீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு?"

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் வாய் வரவில்லை. அந்த நேரத்திலும் அடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

மீதி ஜூஸையும் குடித்துவிட்டு அவளே கேட்டாள். "அவுக அப்புறம் யாரோட சேந்து ஆடுனாக?"

"தெரியல" என்றேன். அந்தச் சனிக்கிழமை நான் பூங்கா தெரிகிற ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை.