டி-யில் பத்திரிகை, சி-யில் எழுத்து

நான் எழுத வந்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றவள். பிறர் எழுதிக் கொடுப்பதை டைப் அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. சொந்தமாக நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் ஒன்றுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கேட்டு வருகிறவர்கள் பயோடேட்டா அடிக்க வருவார்கள். அவர்கள் ஃபிளாப்பியோடு வைரசும் வரும். மெஷின் படுத்துவிடும். அதை எனக்கு விற்றவரே வந்து மொத்தத்தையும் அழித்து, தன் சிடியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டுப் போவார். நான் அடித்து வைத்ததெல்லாம் போய்விடும். வாடிக்கையாளரிடம் விஷயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, பேசாமல் திரும்ப அடித்துக் கொடுப்பேன்.

ஒரு வருஷம், மெஷின் விற்றவர் கடையை மூடிக்கொண்டு நெல்லூர் பக்கம் போய்விட்டார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின் மறுபடியும் படுத்தது. உள்ளே பழவேற்காட்டு பாய் ஒருவரின் மகள் கல்யாணப் பத்திரிகை இருந்தது. வரும்போதெல்லாம் விட்டுப்போன சொந்தக்காரர் ஒருவர் பெயரைச் சேர்த்துவிட்டுப் போவார் பாய். ஒருவழியாக முடிந்து, சாயங்காலம் பிரிண்ட் வாங்கிக்கொண்டு, அதே கையோடு ரயிலேறிச் சென்னை அச்சகத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. அன்று விட்டால் அச்சகம் பூஜைக்கு மூடிவிடும். என் மெஷினும் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடும். ஊர் ஊராகப் பத்திரிகை கொடுக்க பாய்க்கு நாள் இருக்காது.

சிப்காட் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்க்கிற திருவள்ளூர்க்காரர் ஒருவரை டீக்கடைக்காரர் அழைத்து வந்தார். அவர் உள்ளே பார்த்ததுமே சிரித்தார்.

"இன்னாக்கா, மொத்தத்தயும் ஒரே டிரைவுல போட்டு வச்சிகீற? ஒத்த ரூமு ஊடு மாதிரி. அடுப்பு பத்திக்கினா துணிமணியும் சேந்துதான் எரியும்."

"இன்னா பண்றது?"

"நடுவுல ஒரு சொவரு வச்சிடலாம். சி-யில மெஷின ஓட்டற ஓ.எஸ்., டி-யில உன் வேல. நாளைக்கு சி பேஜாரு பண்ணா, அத்த மட்டும் அழிச்சிட்டு திரும்பப் போட்டுக்கலாம். டி பக்கம் ஒருத்தனும் போக மாட்டான்."

"பாய் பத்திரிகை?" என்று மட்டும் கேட்டேன்.

"அத்த எடுத்து வச்சிட்டுதான் மறுவேல."

சொன்னபடியே, தன் ஹார்ட் டிஸ்க்கை வெளியே செய்தித்தாள் மேல் வைத்து, ஒயரை மாட்டி, என் ஃபைல்களை அதில் எடுத்துக்கொண்டார். பிறகு என் டிஸ்க்கைத் துடைத்தார். நீலத் திரையில் டிஸ்க்கைக் காட்டிய ஒரு வரி இரண்டு வரியானது. சுவர் எழுந்ததை நான் பார்த்தது அவ்வளவுதான். தன் சிடிகளிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றி, என் ஃபைல்களை டி-யில் கொண்டுவந்து வைத்தார்.

பத்திரிகையைத் திறந்தேன். பார்டர் சரியாக இருந்தது, பிறை சரியாக இருந்தது. எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் டாலர் குறியும் அடைப்புக்குறியுமாக இருந்தன.

"பைலு நல்லாத்தான கீது!" என்று அவர் தலையைச் சொறிந்தார். "கம்பெனில தமிழு ஏதுக்கா? நான் இத்தப் பாத்ததேயில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அடிக்கிற தமிழ் ஃபான்ட், விற்றவரின் சிடியிலிருந்து வந்தது. அது சி-யில் இருந்தது. பத்திரிகை டி-யில் பத்திரமாக இருக்க, அதன் எழுத்தை நாங்களே அழித்திருந்தோம்.

பாய் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா, எங்க சம்பந்தி பேரு டாலர்ல ஆரம்பிக்குது?"

திருவள்ளூர்க்காரர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "ரயிலுக்கு நேரமாவுதும்மா," என்றார்.

எதிர்ச்சாரியில் இன்னொரு டி.டி.பி. கடை உண்டு. அந்தக் கடைக்காரரும் எனக்கு விற்ற அதே ஆளிடம் மெஷின் வாங்கியவர். கடை திறந்த நாளிலிருந்து நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டுவதோடு சரி. அவரிடம் போய்க் கேட்பதைவிடப் பத்திரிகை முழுவதையும் மறுபடி அடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அடிக்கவும் அந்த ஃபான்ட் வேண்டுமே.

வேறு வழியில்லாமல் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். அவர் கடை வாசலில் போய் நின்றேன். ஃபிளாப்பியை நீட்டினேன்.

"யக்கா! நீயா? இத்தினி வருசத்துல இப்பத்தான் ரோட்ட தாண்டத் தெரிஞ்சுதா?"

"ஃபான்ட் போயிடுச்சு," என்றேன்.

"ஃபார்மட் பண்ணிக்கினியா? போன மாசம் நானும் இதே மாதிரிதான் முழிச்சிக்கினு நின்னேன். உன்னாண்ட கேக்கலாம்னு பாத்தேன். நீ எங்க பேசப்போறன்னு மீஞ்சூரு வரைக்கும் போய் வாங்கியாந்தேன்க்கா."

அவர் ஃபான்ட்டை ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுக்கும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னிடம் கேட்கத் தயங்கி ஒருவர் மீஞ்சூருக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

ஃபான்ட்டை ஏற்றித் திறந்ததும் பெயர்களெல்லாம் தமிழில் வந்து நின்றன. பாய் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "சம்பந்தி வந்துட்டாரு," என்றவர், கடைசியில் இன்னொரு மச்சான் பெயரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு ஓடினார், ரயில் கிடைத்தது என்று பிறகு சொன்னார். திருவள்ளூர்க்காரர் டி-யில் ஃபான்ட்டுக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு, "இதுவும் சொவத்துக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும்," என்றார். பிறகு பலமுறை சி-யை அழித்துப் போட்டோம். டி அப்படியே இருந்தது.

பாய் ரயிலேறிய மறுநாள் ஆயுத பூஜை. கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். மத்தியானம் மழை பெய்தது. எதிர்க்கடையிலிருந்து பொரி வந்தது.