நத்தை கடித்த அத்திம்பேர்

உங்கள் வீட்டில் யாரையாவது நத்தை கடித்திருக்கிறதா? சிரிக்காதீர்கள். போன மாதம் என் அத்திம்பேரைக் கடித்தது.

அத்திம்பேர், அதாவது அக்கா கணவர். வலியசாலை அக்ரகாரத்தில் வீடு. ரிட்டயர்டு ஆடிட்டர். யாரையும் நம்ப மாட்டார் — தன்னைத் தவிர.

அன்று காலை நாங்கள் மூவரும் விழிஞ்ஞம் பக்கம் கடற்கரைக்குப் போயிருந்தோம். பாறை இடுக்கில் ஒரு சங்கு. கூம்பு வடிவம். பட்டுப்புடவை பார்டர் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக டிசைன். ஷோகேஸில் வைக்கலாம் என்று எடுத்தார். உள்ளே ஏதோ அசைகிறதே என்றாள் அக்கா. வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காரில் ஏறியதும், மார்பில் எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது என்றார். சிறிது நேரத்தில் உதடு மரத்தது. எனக்குச் சந்தேகம். சங்கை உள்ளிருந்த நத்தையோடு டிபன் டப்பாவுக்குள் தள்ளி மூடினேன். கிழக்கேகோட்டை வருவதற்குள் இமைகள் தொங்கிவிட்டன. ஒரு பஸ் போனால் இரண்டாகத் தெரிகிறதாம். அப்போதும் வெறும் கேஸ் டிரபிள் என்றே குழறலாகச் சாதித்தார்.

அக்கா அவரிடம் வாதாடவில்லை. "நேரா ஆஸ்பத்திரிக்கு விடுடா" என்றாள் என்னிடம்.

கேஷுவால்டியில் நர்ஸ் மலையாளத்தில் கேட்டார்: "எந்தா கடிச்சது? பாம்போ?"

நத்தை என்றேன். புரியவில்லை. மலையாளத்தில் "ஒச்சு" என்றேன். புரிந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கை ஒடிந்து காத்திருந்த ஒருவர் அதுகூட முடியாமல் வாய்விட்டே சிரித்தார்.

சிரிக்காதவர் டியூட்டி டாக்டர் மட்டும்தான். இளம்பெண். டப்பாவைத் திறந்து பார்த்தார், செல்போனில் எதையோ தேடினார், முகம் மாறியது.

"இது மீன் பிடிச்சுத் தின்னுற ஜாதி. ஊசி மாதிரி பல்லு, அதுவழியா விஷம். மாற்று மருந்து கிடையாது, கேட்டோ. விஷம் அடங்குறவரை மூச்சு நாமதான் கொடுக்கணும்."

யோசித்துப் பாருங்கள். நத்தையால் மீனைத் துரத்த முடியாது. எனவே மீனையே அசையவிடாமல் முடக்கிவிடுகிறது. ஆபீஸில் இப்படிச் சிலரோடு வேலை பார்த்திருப்பீர்கள்…

ஆனால் ஐசியூ வாசலில் எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை. உள்ளே மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "அசையறதுன்னு சொன்னேனேடா" என்றாள் அக்கா.

பிழைத்துவிட்டார். தானாக மூச்சு விட்டார், வார்டுக்கு வந்தார், காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

அப்புறம் விசிட்டர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வந்து, விஷயம் கேட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எதிர்வீட்டு மாமா, "நத்தையா? துரத்திண்டு வந்துதா ஓய்?" என்று வேறு கேட்டார்.

மறுநாள் வந்தவர்களிடம் அத்திம்பேர், கடித்தது கடல்பாம்பு என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்காவும் மறுக்கவில்லை.

மனுஷனுக்கு உயிர் திரும்பி வந்தால் மட்டும் போதாது… கொஞ்சம் கௌரவமான ஜந்துவிடமிருந்து வந்திருக்க வேண்டும்!