காற்றைக் குளிரவைத்த மாமா

என் மாமாவுக்கு உட்காரத் தெரியாது. அம்மாவின் தம்பி அவர். சாயா குடிப்பதானாலும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு தன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் குடிப்பார். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து ஒரு கார் நின்றாலே அடைத்துக்கொள்ளும். அந்தச் சந்தில் தன் பழைய டீசல் காரின் பானட்டைத் திறந்து போட்டுக்கொண்டு, அந்தக் கோடை லீவு முழுக்க எதையாவது கழற்றிக்கொண்டோ மாட்டிக்கொண்டோ இருந்தார். பக்கத்துக் குடோனில் சுக்கு மூட்டை ஏற்ற வரும் சேட்டன்மார் சத்தம் போட்டால் "ஒரு நிமிஷம் சேட்டா" என்பார். அந்த ஒரு நிமிஷம் சாயங்காலம் வரைக்கும் போகும். எனக்கு அப்போது பத்து வயசு. நானும் அதே ரகம்தான், நின்ற இடத்தில் நிற்கமாட்டேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள்.

மாமாவின் கவலையெல்லாம் காற்றைப் பற்றித்தான். அந்தக் காரில் டர்போ என்று ஒன்று உண்டு. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி. அமுக்கினால் காற்று சூடாகும். "சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டு பம்போட அடியைத் தொட்டுப் பாரு மோளே" என்றார். தொட்டேன், சுட்டது. சூடான காற்றில் சத்து கம்மி, குளிர்ந்த காற்று உள்ளே போனால்தான் வண்டி பறக்கும் என்றார். கொச்சியில், மே மாசத்தில்! மனுசனுக்கே வியர்வை காயாத ஊரில் இவர் காற்றைக் குளிரவைக்கக் கிளம்பினார்.

முதலில் முன்பக்கம் இருந்த இன்டர்கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டு, காயலான் கடையிலிருந்து பெரிய வண்டியின் இன்டர்கூலரைக் கொண்டுவந்தார். அது பார்க்க ரேடியேட்டர் மாதிரி இருக்கும், சூடான காற்று அதற்குள் புகுந்து ஆறி வெளியே வரும். அதை வைக்க இடமில்லாமல் பம்பரை அறுத்தார். ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது. தோப்பும்படி சிக்னலில் நின்றதும் அதுவே அடுப்பாகிவிட்டது. சரி என்று துறைமுகத்துக்குப் போய் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை வாங்கிவந்து அதன் மேல் கட்டினார். காற்று குளிர்ந்தது, ஆனால் காரெல்லாம் அயிலை மீன் நாற்றம். சந்திலிருந்த பூனைகள் மொத்தமும் காரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

கடைசியில் மெத்தனால் வந்தது. பாதி தண்ணீரும் பாதி மெத்தனாலும் கலந்து, மூடுபனி மாதிரி பொடிப்பொடியாகக் காற்றுக்குழாய்க்குள் அடிக்க வேண்டும். உள்ளே போனதும் அது ஆவியாகிக் காற்றைச் சில்லென்று ஆக்கும், பிறகு அதுவும் சேர்ந்து எரியும். மாமா தன் கையாலேயே அலுமினியத்தகட்டில் ஒரு டேங்க் செய்து டிக்கிக்குள் வைத்தார். நீலச்சாயம் கலந்து ஊற்றி, மேலே சிவப்புப் பெயின்டில் மண்டையோடு வரைந்தார். வாசனை சாராயம் போலத்தான் இருக்கும், ஆனால் விஷம், ஒரு மடக்கில் கண் போகும், அடுத்த மடக்கில் ஆளே போவான் என்று எனக்குச் சொல்லிவைத்தார். டிவியைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் கண் போகும் என்றுதான் அம்மா சொல்லுவாள். எனக்கு ஒன்றும் போகவில்லை. அதனால் நான் இதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இத்தனை பாடும் எதற்கென்றால், ஊருக்கு வெளியே ஒரு நேர்ரோட்டில் அனுமதி வாங்கி நடத்துகிற கார் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அதைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வருகிறார். மாமாவின் வண்டி பிடித்துப்போனால் கையோடு வேலைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். மாமா தேவராவில் ஏதோ ஒரு ஷெட்டில் ஆயில் மாற்றிக்கொண்டு, அக்கா வீட்டுக்காரர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருந்தாலும் இரண்டாம் தடவை சோறு கேட்க அவர் வாய் திறக்கமாட்டார்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒன்றாம் தேதி. எங்கள் ஊரில் மாசா மாசம் ஒன்றாம் தேதி மதுக்கடைகள் திறக்காது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒன்றாம் தேதி அப்பாவிடம் சத்தமாகப் பேசக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். என் அப்பா நல்லவர், இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன். மற்ற நாள் ராத்திரியில் என்னை மடியில் போட்டுக்கொண்டு பாட்டுக்கூடப் பாடுவார். ஒன்றாம் தேதிக்கென்று முந்தின நாளே வாங்கி ஒளித்துவைப்பது அவர் வழக்கம். அந்தத் தடவை அம்மா அதைக் கண்டெடுத்து ஓடையில் கவிழ்த்துவிட்டாள். இனி ஒரு தடவை இந்தச் சங்கதி நடந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கே போய்விடுவேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். அப்பா அன்றைக்குக் காலையிலிருந்தே வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். அலமாரியைத் திறந்தார், மூடினார். விரல் நடுங்கியதால் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள், மாமா குளிக்கப் போனார். நான் காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருந்தேன். பின்னால் டிக்கி திறக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா, கையில் எவர்சில்வர் டம்ளர். டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுநாள்வரை மாமா காரை ஒரு பொருட்டாக மதிக்காத அப்பா, இன்றைக்கு வந்து பார்க்கிறாரே! "அப்பா, அது பாதிதான் மெத்தனால், மிச்சம் தண்ணி" என்று விளக்கம் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "பாதி தண்ணிதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் வீட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாமா! அப்பா உங்க டேங்கைப் பார்க்க வந்திருக்காரு! டம்ளர்ல எடுத்துப் பார்க்கிறாரு!"

மாமா தலையில் சோப்பு நுரையோடு, இடுப்புத் துண்டோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார். அது குடோன் சுவரில் பட்டு உருண்டது. அப்பாவின் வாயை முகர்ந்து பார்த்தார். பிறகு டேங்கைப் பிடுங்கி எடுத்து, அத்தனையையும் சுவரோரம் மண்ணில் கவிழ்த்தார். மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரே ஒரு டம்ளர்! சொந்த அத்தான் தொட்டால்கூடப் பொறுக்காதா இந்த மனுசனுக்கு? மாமா என் கையைப் பிடித்தார். "டேங்க் ஒழுகிடுச்சு. அம்மா கேட்டா அப்படித்தான் சொல்லணும், கேட்டியா?"

"ஒழுகலையே!"

"ஒழுகிடுச்சு மோளே" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. போனால் போகிறதென்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் போனோம். மெத்தனால் கொடுக்கிற கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி, இன்டர்கூலர் மேல் மறுபடி மீன் ஐஸைக் கட்டினார் மாமா. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் முறை வருவதற்குள் வெயிலில் ஐஸ் முக்கால்வாசி உருகிப்போனது. கொடி விழுந்ததும் வண்டி என்னவோ சீறிக்கொண்டுதான் கிளம்பியது. பாதி தூரத்துக்கு அப்புறம் மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஓடிய சிவப்புக் கார் சாவகாசமாகத் தாண்டிப் போனது. நான் மண்ணை உதைத்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் வந்து பானட்டுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். குழாய் வேலையெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். மெத்தனால் எங்கே என்று கேட்டார். மாமா அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டேங்க் ஒழுகிவிட்டது என்றார்.

"ஓட்டுற அன்னைக்கு டேங்க் ஒழுகுச்சுன்னா அது வேலை இல்லீங்களே தம்பி" என்று சொல்லி, தோளில் தட்டிவிட்டு, சிவப்புக் காரைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மாமா ஓட்டினார், அப்பா முன்னால் அவர் பக்கத்தில். நானும் அம்மாவும் பின்னால். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. மாமா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு ஆற்றாமை. இத்தனை நாள் உழைத்துவிட்டு ஒரு டேங்கை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியவில்லையே என்று புலம்பினாள். மாமா முன்னால் நின்ற வண்டிக்கு ஹாரன் அடித்தார். அப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. பந்தயத்தில் தோற்றதற்கு மாமாவைவிட அப்பாதான் அழுகிறார் என்று நினைத்தேன். என் மாமா செய்த டேங்க் ஒழுகுமா? அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"டேங்க் ஒழுகவே இல்லம்மா! அப்பா ஒரு டம்ளர் எடுத்தாரு. அதுக்குப் போய் மாமா எல்லாத்தையும் கீழே கொட்டிட்டாரு!"

அம்மா அடிக்கப்போகிறாள் என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. "குடிச்சாரா?" என்றாள். "இல்லக்கா. வாய்க்குப் போகலை" என்றார் மாமா.

அம்மா இருக்கையிலிருந்து எழும்பி, முன்னால் எட்டி, அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாருங்க. என்னைத் தெரியுதா? தெரியுதா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் விடவில்லை, மறுபடியும் கேட்டாள்.

பட்டப்பகல். ஒரு முழ தூரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெரியுதா என்று கேட்கிறாளே, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.